பத்து மீட்டர் குழாய்

அக்டோபர் 14, செவ்வாய்

நிலையப் பதிவேட்டில் நேரம், அழுத்தம், எந்த வால்வு திறந்தது என்பதை மட்டும்தான் எழுதலாம். எரிச்சலை எழுத அதில் கட்டம் கிடையாது. அதனால் இந்தக் கோடு போட்ட நோட்டு.

என் வேலையை யாருக்காவது சொல்லிப் புரியவைப்பதே தனி வேலை. பழைய ஒலிபரப்புக் கோபுரம் ஒன்று. அதில் தொண்ணூறு, ஐம்பது, பத்து மீட்டர் உயரங்களில் மூன்று குழாய் வாய்கள். பம்பு அங்கிருந்து காற்றை இழுத்துக் கீழே என் அறையிலுள்ள கருவிக்குத் தருகிறது. இந்த ஊர் எவ்வளவு கரியமில வாயு விடுகிறது, எவ்வளவு மீத்தேன், எவ்வளவு கார்பன் மோனாக்சைடு விடுகிறது என்று கருவி எண்ணாகச் சொல்கிறது. மூன்று வாயிலும் சேர்ந்து ஏறினால் அது ஊரின் மூச்சு. பத்து மீட்டரில் மட்டும் ஏறினால் பக்கத்தில் யாரோ ஜெனரேட்டர் ஓட்டியிருப்பார்கள், குப்பை எரித்திருப்பார்கள். அதை 'உள்ளூர் அசுத்தம்' என்று குறித்து நீக்கிவிட வேண்டும். எங்களுக்கு வேண்டியது ஊர். பக்கத்து வீட்டுப் புகை அல்ல.

இன்று காலை ஆறு மணிக்குப் பத்து மீட்டரில் மீத்தேன் பத்து லட்சத்தில் நாலரை பங்கு. வழக்கமாக இரண்டுதான். கார்பன் மோனாக்சைடு தட்டையாகக் கிடந்தது. அந்தச் சென்சார் எப்போதும் சோம்பேறி. ஆறு நாளாக இதே கதை. கோபுரத்தடியில் வாட்ச்மேன் சென்னியப்பனின் தகரக் கொட்டகை. அவர் மனைவி பழனாத்தா விறகடுப்பில் சமைக்கிறார். இதற்கு மேல் துப்பறிய என்ன இருக்கிறது?

போய்க் கேட்டேன். அந்த அம்மாள் கீரைப் பாத்தியில் குனிந்திருந்தவர் நிமிர்ந்து சேலையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னைக்கு நான் அடுப்பே பத்த வெக்கலீங்க சார். ராத்திரிச் சோத்துல தண்ணி ஊத்தி வெச்சிருந்தனுங்க. அதைத்தான் ரெண்டு பேரும் குடிச்சோம்."

கேட்டால் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

அக்டோபர் 18, சனி

நாலே கால். நீக்கினேன். என் மனைவி சரசு தீபாவளிக்கு மாடி அறையைக் காலி செய்யச் சொல்கிறாள். நான் பழுது பார்க்கக் கொண்டுவந்த வானொலிப் பெட்டிகள் பதினேழு அங்கே இருக்கின்றன. "அதெல்லாம் எப்பங்க பாடப் போகுது?" என்கிறாள். பாடும்.

அக்டோபர் 23, வியாழன்

தீபாவளிப் புகையில் மூன்று வாயும் ஏறின. கார்பன் மோனாக்சைடும் ஏறியது. சோம்பேறி அன்று மட்டும் வேலை செய்திருக்கிறது. இன்று மீண்டும் பத்து மீட்டரில் மட்டும் நாலு.

நவம்பர் 6, வியாழன்

நிவேதனா மேடம் போன் செய்தார். இந்தத் திட்டத்தின் தலைமை விஞ்ஞானி. இருப்பது வேறு ஊரில், பேசுவது எப்போதும் மெதுவாக. நம் நிலையத்தில்தான் நீக்கப்படும் எண்கள் அதிகம், காரணம் என்ன என்று கேட்டார். விறகடுப்பு என்றேன். உறுதியா என்றார். உறுதி என்றேன். எழுத்தில் கொடுங்கள் என்றார்.

எழுதினேன். 'கோபுர வளாகத்தில் வசிப்போரின் சமையல் அடுப்பே காரணம். வளாகத்தில் எவரும் தங்காதிருக்க ஆவன செய்ய வேண்டுகிறேன். இவண், ச. மருதாசலம், நிலையப் பொறுப்பாளர்.' ஒரு நகல் மேடத்துக்கு, ஒரு நகல் கோபுரக் கம்பெனிக்கு. முப்பது வருடம் அரசு வேலை பார்த்தவன் கடிதம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது.

நவம்பர் 19, புதன்

கம்பெனி ஆணை வந்துவிட்டது. வாட்ச்மேன் ஷிப்டுக்கு வரலாம். வளாகத்தில் குடியிருக்கக் கூடாது. சென்னியப்பன் தாளை என்னிடமே கொண்டுவந்து படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். என் பெயர் வரும் வரியை மட்டும் விட்டுவிட்டுப் படித்தேன்; அதை அவரிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது?

"பதினெட்டு வருசமா இங்கயேதானுங்க இருக்கறோம்" என்று மட்டும் சொன்னார்.

நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. வீடு பார்த்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

டிசம்பர் 5, வெள்ளி

என் மைத்துனருக்குத் தெரிந்தவர் மூலமாக அய்யன்குட்டைக் குடியிருப்பில் தரைத்தளத்தில் ஒரு வீடு அமைந்தது. கோபுரத்துக்கு வடக்கே பத்து நிமிட நடை. பன்னிரண்டு பிளாக்குகள், கட்டி ஏழெட்டு வருடம் இருக்கும். ஓர் அறை, சமையலறை, கழிப்பறை. சிமென்ட் கூரை. பூட்டுப் போடும் கதவு. சிலிண்டர் அடுப்பு சரசு கொடுத்தது; எங்களிடம் இரண்டு இருந்தன.

கார்த்திகை தீபம் முடிந்து இன்று குடி போனார்கள். பழனாத்தா கதவைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தார். சமையலறை மூலையில் ஒரு மாடத்தைக் காட்டி, சாமி விளக்குக்கு இடம் இருக்கிறது என்று சென்னியப்பனிடம் சொன்னார். என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

டிசம்பர் 6, சனி

கொட்டகையைப் பிரித்தாயிற்று. கீரைப் பாத்தி மட்டும் இருக்கிறது.

டிசம்பர் 9, செவ்வாய்

ஐந்து.

டிசம்பர் 11, வியாழன்

ஐந்தரை. தெற்குத் தெரு டீக்கடையைச் சந்தேகப்பட்டேன். போய்ப் பார்த்தேன், கடையே ஏழு மணிக்குத்தான் திறக்கிறார்கள். குழாய் இணைப்புகளை எல்லாம் சோப்பு நுரை வைத்துப் பார்த்தேன், ஒழுகவில்லை. தரம் சரிபார்க்கும் சிலிண்டரிலிருந்து வாயுவை விட்டுப் பார்த்தேன். கருவி இம்மி பிசகாமல் சொல்கிறது. மீத்தேன் சரி. கார்பன் மோனாக்சைடும் சரி. சோம்பேறி இல்லையாம்.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பிறந்துவிட்டது. பனி. காலையில் காற்று அசையாமல் தரையோடு படுத்துக்கிடக்கிறது. கொஞ்சமாக அசைந்தால் வடக்கிலிருந்து வருகிறது. அப்போதெல்லாம் பத்து மீட்டரில் எண் ஏறுகிறது; வெயில் வந்ததும் இறங்குகிறது.

பழைய தாள்களையும் எடுத்துப் பார்த்தேன். அக்டோபரிலும் வடக்குக் காற்றுதான்.

டிசம்பர் 20, சனி

குழாய்க் கசிவு தேடும் சின்னக் கருவி ஒன்று என்னிடம் உண்டு. எண் காட்டாது, மீத்தேன் இருந்தால் பீப் என்று கத்தும், அருகே போகப் போக வேகமாகக் கத்தும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு காலை ஆறேகாலுக்கு வடக்கே நடந்தேன். நாய்கள் துரத்தின. அய்யன்குட்டை எல்லைச் சுவர் வரும்வரை சும்மா இருந்தது. சுவரைத் தாண்டியதும் கத்த ஆரம்பித்தது.

சாக்கடை மூடிகளின் மேல் கத்தியது. ஆறாம் பிளாக்கின் அஸ்திவார வெடிப்பில் கத்தியது. சென்னியப்பன் வீட்டு வாசலில் பழனாத்தா கோலம் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே போகலாமா என்று கேட்டு, சமையலறைத் தரையில் சுவரோரம் இருந்த விரிசலில் வைத்தேன். இடைவெளியே இல்லாமல் ஒரே கத்தாகக் கத்தியது. அந்த அம்மாள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

எதிர் வீட்டுப் பெரியவர் ஒருவர் பல் விளக்கியபடியே விவரம் சொன்னார். குட்டை என்பது குட்டைதானாம். இருபது வருடம் ஊர்க் குப்பையெல்லாம் லாரி லாரியாகக் கொட்டி நிரப்பி, மேலே இரண்டு அடி செம்மண் போட்டு, அதன்மேல் கட்டிய வீடுகள். அடியில் இருப்பது இன்னும் அழுகிக்கொண்டிருக்கிறது. அதன் வாயுதான் எனக்கு அக்டோபரிலிருந்து வந்துகொண்டிருந்தது.

கொட்டகையில் இருந்தவர்களைக் கிளப்பி, அதன் மேலேயே கொண்டுபோய்க் குடி வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 22, திங்கள்

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். நல்லவர், பொறுமையாகக் கேட்டார். மூடிய அறைக்குள் நூற்றுக்கு ஐந்து பங்கு மீத்தேன் சேர்ந்தால் ஒரு பொறி போதும் என்று அவரே சொன்னார்.

"மருதாசலம் சார், உங்க கவலை எனக்குப் புரியுது. ஆனா அந்தப் பத்து மீட்டர் எண்களை வெச்சு நான் யார்கிட்ட போறது? சமையல் அடுப்புன்னு நாமளே எழுதி நீக்கியிருக்கோம். உங்க கடிதம் பைல்ல இருக்கு."

பிப்ரவரியில் குழு கூடுகிறது, அதில் வைக்கிறேன் என்றார். அடுப்பு என்றால் கார்பன் மோனாக்சைடும் கூட ஏறியிருக்க வேண்டுமே, அதைப் பார்த்தீர்களா என்று கேட்டார். கவனிக்கவில்லை என்றேன்.

டிசம்பர் 24, புதன்

குடியிருப்பு அலுவலகத்தில், கட்டடத்தில் விரிசல் இருந்தால் மனு கொடுங்கள், வாயுவுக்கு எங்களிடம் பிரிவு இல்லை என்றார்கள். மாசு பார்க்கும் அலுவலகத்தில், வெளிக்காற்றில் மீத்தேனுக்கு வரம்பு என்று எதுவும் இல்லை, வரம்பு இல்லாததை எப்படி மீற முடியும் என்றார் ஓர் இளைஞர். உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் கேட்டார். தீயணைப்பு நிலையத்தில் இதுவரை ஏதாவது பற்றியிருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். பற்றினால் கூப்பிடுங்கள் என்று எண்ணைக் கொடுத்தார்கள்.

டிசம்பர் 26, வெள்ளி

கோபுரக் கம்பெனி அலுவலகம் போனேன். சென்னியப்பன் குடும்பம் திரும்ப வளாகத்துக்கே வரட்டும், கருவிக்கு எந்தத் தொந்தரவும் இல்லை என்று நானே எழுதித் தருகிறேன் என்றேன். மேலாளர் பைலைப் புரட்டி என் கடிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். கையெழுத்து தெளிவாக இருந்தது. இது தலைமை அலுவலகம் வரை போய்விட்டது, இனி வாபஸ் கிடையாது என்றார். காபி கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 27, சனி

பழனாத்தாவிடம் வேறு வீடு பார்க்கிறேன் என்றேன். தரைக்கடியில் வாயு இருப்பதையும், கருவி கத்தியதன் அர்த்தத்தையும் விளக்கினேன். கேட்டுக்கொண்டே வந்தவரின் முகம் மாறிப்போனது.

"அங்கயும் அடுப்பு, இங்கயும் அடுப்புங்களா சார்? நாங்க எங்க போனாலும் உங்க மிசினு கத்துது. இத்தன வயசுக்கு அப்பறம் ஒரு கதவு கெடச்சிருக்குதுங்க. இதையும் விட்டுட்டு எங்க போறதுங்க?"

சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டார்கள். காலையில் அடுப்பைப் பற்றவைக்கும் முன் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் பத்து நிமிடம் திறந்து வைக்க வேண்டும். அதற்கு முன் அடுப்பைத் தொடவே கூடாது. மூன்று தடவை சொன்னேன். அடுப்பு, அடுப்பு என்று சொன்னேன். ஆகட்டுங்க என்றார் பழனாத்தா.

விரிசலை நானே சிமென்ட் வைத்துப் பூசினேன். பக்கத்தில் இன்னொரு விரிசல் இருந்தது.

டிசம்பர் 29, திங்கள்

சரசுவிடம் சொன்னேன். அவள் ஒரே நொடியில், மாடி அறைக்கு அவர்களை வரச் சொல்லுங்கள் என்றாள். பெட்டிகள் இருக்கின்றனவே என்றேன். பொங்கலுக்குள் காலி செய்துவிடலாம். எதை எங்கே வைப்பது என்று ஒரு முறை இல்லாமல் தூக்கிப் போட முடியாது. தவிர, அவர்களும் அந்த வீட்டை விட்டு வருவதாக இல்லை. மாடி அறையைப் பற்றி இன்னும் அவர்களிடம் கேட்கவில்லை.

ஜனவரி 1, வியாழன்

ஆறு. குழு கூட்டம் மார்ச்சுக்குத் தள்ளிப் போய்விட்டது என்று மேடம் வாழ்த்துச் செய்தியோடு தகவல் அனுப்பியிருக்கிறார்.

ஜனவரி 3, சனி

இரண்டு பெட்டிகளைக் கீழே இறக்கினேன். ஒன்றில் கண்ணாடி வால்வு நன்றாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன்.

ஜனவரி 5, திங்கள்

இப்போதெல்லாம் காலை ஐந்தரைக்கே நிலையத்துக்கு வந்துவிடுகிறேன். வந்து செய்வது ஒன்றுமில்லை. எண் ஏறுவதைப் பார்க்கிறேன், அவ்வளவுதான். நான் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் ஆகாது என்பது போல ஒரு நினைப்பு. சென்னியப்பன் இரவுக் காவல் முடித்து, என்னோடு டீ குடித்துவிட்டு ஆறரைக்குத்தான் வீட்டுக்குப் போகிறார். இன்றைக்கு எவ்வளவுங்க என்று தினமும் கேட்கிறார். சொன்னால் தலையாட்டுகிறார். புரிந்துதான் தலையாட்டுகிறார் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 7, புதன்

நேரங்களை எழுதி வைக்கிறேன்.

6.04. பத்து மீட்டரில் மீத்தேன் ஏழே கால். இதுவரை பார்த்ததில் அதிகம்.

6.11. வடக்கே டம் என்று ஒரு சத்தம். பெரிதாக இல்லை. லாரி டயருங்க, என்றார் சென்னியப்பன். நானும் அப்படித்தான் நினைத்தேன், அல்லது நினைக்க விரும்பினேன். அவர் பிளாஸ்க்கிலிருந்து எனக்கு டீ ஊற்றினார்.

6.22. கார்பன் மோனாக்சைடு ஏறியது. அக்டோபரிலிருந்து தீபாவளி தவிர ஒரு நாளும் பத்து மீட்டரில் அசையாத கோடு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நேராக மேலே போனது. காற்று அங்கிருந்து இங்கே வர அவ்வளவு நேரம் ஆகும். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னங்க சார் என்றார் அவர். போகலாம் வாங்க என்றேன். அவர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வருகிறேன் என்றார். வேண்டாம் வாங்க என்று கத்திவிட்டேன்.

சமையலறைச் சுவர் வெளியே சரிந்திருந்தது. கதவு, அந்தக் கதவு, முற்றத்தில் கிடந்தது. பக்கத்து வீட்டார் பழனாத்தாவை ஈரப் போர்வையில் சுற்றி வெளியே கொண்டுவந்திருந்தார்கள். முகம், இரண்டு கைகள், மார்பு. உயிர் இருக்கிறது.

மாலை நிலையத்துக்கு வந்து பார்த்தபோது 6.22 வரி திரையில் இல்லை. பத்து மீட்டரில் மட்டும் ஏறினால் தானாகவே நீக்கும்படி நவம்பரில் என் யோசனையின் பேரில்தான் நிரல் எழுதினார்கள். நீக்கியவற்றின் பட்டியலில், காரணம் என்ற இடத்தில் 'சமையல் அடுப்பு' என்று விழுந்திருந்தது.

ஜனவரி 8, வியாழன்

மாடி அறையைக் காலி செய்தேன். மூன்று மணி நேர வேலை.

ஜனவரி 9, வெள்ளி

சென்னியப்பன் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே இருக்கிறார். வீட்டுக்கு வாருங்கள் என்றேன். அப்பறம் வர்றனுங்க என்றார். அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான் என்று அவரிடம் சொன்னேன்.

"தெரியுமுங்க சார். நீங்க படிச்சுக் காட்டறப்பவே ஒரு வரிய உட்டுப் படிச்சீங்க. அப்பறம் நான் வேற ஆள்கிட்ட குடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டனுங்க."

அதற்குப் பிறகும் இரண்டு மாதமாக எனக்கு டீ ஊற்றிக் கொடுத்திருக்கிறார்.

ஜனவரி 11, ஞாயிறு

பழனாத்தாவைப் பார்க்க விட்டார்கள். முகத்தில் கட்டு. கண் மட்டும் தெரிந்தது. என்னைக் கண்டதும் அந்தக் கண்ணில் வந்தது பயம்தான், கோபம் இல்லை. கோபம் என்றால் தாங்கியிருப்பேன். நான் ஏதோ கேட்கப் போகிறேன் என்று நினைத்து, கேட்பதற்கு முன்பே பதில் சொன்னார். குரல் காற்றாக வந்தது.

"நான் அடுப்பு பத்த வெக்கலீங்க சார். நீங்க சொன்னாப்புல தொடக்கூட இல்லீங்க. மார்கழிங்கறதால தலைக்குத் தண்ணி வாத்துட்டு சாமி வெளக்குத்தான் பத்த வெச்சனுங்க."

விளக்கைப் பற்றி நான் சொல்லவே இல்லை. அந்த மாடத்தை என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். மூன்று தடவை அடுப்பு என்று சொன்னேன். மூன்று மாதமாக என் தலைக்குள் அந்த ஒரு அடுப்புதான் எரிந்துகொண்டிருக்கிறது.

தெரியும் அம்மா என்றேன். நீங்கள் அன்றைக்கும் பற்றவைக்கவில்லை, அதுவும் தெரியும் என்றேன். எந்த அன்றைக்கு என்று அவருக்குப் புரிந்ததோ என்னவோ, கண்ணை மூடிக்கொண்டார்.

ஜனவரி 12, திங்கள்

விசாரணை அறிக்கை தயார். 'சமையல் எரிவாயு அடுப்பைக் கவனக்குறைவாகக் கையாண்டதால் ஏற்பட்ட விபத்து.' விசாரித்த அதிகாரியிடம் போனேன். சிலிண்டர் வால்வு மூடியிருந்ததே என்றேன். வெப்பத்தில் திருகிக்கொண்டிருக்கலாம் என்றார். மீத்தேன் என்றேன். பதிவு கேட்டார். பத்து மீட்டர்ப் பதிவுகள் எல்லாமே சமையல் அடுப்பு என்று நீக்கப்பட்டிருப்பதை அவரே படித்துவிட்டு, நீங்களும் இதைத்தானே எழுதியிருக்கிறீர்கள் என்றார்.

இந்த நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து அவர் முன் வைத்தேன். அக்டோபர் 14. கார்பன் மோனாக்சைடு தட்டையாகக் கிடந்தது. விறகு எரிந்திருந்தால் தட்டையாக இருக்காது. முப்பது வருடம் கருவிகளோடு இருந்தவனுக்கு இது தெரியாதா? அன்று காலையே பார்த்தேன். பார்த்து, எழுதியும் வைத்துவிட்டு, சென்சார் சோம்பேறி என்று ஒரு வார்த்தையால் மூடிவிட்டு, அந்த அம்மாளிடம் போய்க் கேட்டேன். மேடத்திடம் கவனிக்கவில்லை என்றது பொய். இதை எல்லாம் அந்த அதிகாரியிடம் வாய்விட்டே சொன்னேன்.

அவர் முழுதும் கேட்டார். சொந்த நோட்டு பதிவாகாதுங்க சார், என்று மரியாதையாக மூடித் திருப்பிக் கொடுத்தார்.

ஜனவரி 13, செவ்வாய்

காலை 6.10. பத்து மீட்டரில் மீத்தேன் ஆறரை. கார்பன் மோனாக்சைடு தட்டை. காற்று வடக்கிலிருந்து. கோபுரத்தின் முதல் படிக்கட்டு மேடையில் ஏறி நின்று பார்த்தேன். அய்யன்குட்டையில் பன்னிரண்டு பிளாக்குகளிலும் வாசலுக்கு வாசல் விளக்கு ஏற்றி வைத்திருக்கிறார்கள்.